எதை எடுத்தார்கள்

கொழும்புப் பேருந்துகளில் முன்னிருக்கை மதகுருமாருக்கு. அதற்கடுத்தது கர்ப்பிணித் தாய்மாருக்கு. காலி நகருக்குப் போகும் வீதியில் ஒரு காலை, அந்த இருக்கையில் இருந்த சிங்களப் பெண் என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். "நங்கி, வாடிவென்ன," என்றார். உட்காரச் சொல்கிறார் என்பது புரிந்தது. ஏன் என்பது புரியச் சற்று நேரம் பிடித்தது. நாற்பதைத் தாண்டிய, பிள்ளை இல்லாத நான், மறுக்கும் அளவுக்குச் சிங்களம் தெரியாததால் உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருச்சிக்காரி. போர்க்காலத்தில் அகதியாக அங்கே வந்து படித்த ரவியைத் திருமணம் செய்துகொண்டு, பின்னர் அவரோடு கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்தேன். அடுக்குமாடி வீட்டில் எங்களோடு அவருடைய மூத்த சகோதரி கமலா அக்காவும் இருக்கிறார். கொஞ்ச காலமாக என் மாதவிலக்கு என் சொல் கேட்பதில்லை. வந்தால் நிற்பதில்லை, கட்டிகட்டியாகப் போனது. கறுப்பு நிறத்தைத் தவிர வேறு நிறம் உடுத்த மறந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கூடவே வயிறும் வளர்ந்தது. வெள்ளவத்தையில் ஒரு மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஃபைப்ராய்டாக இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள், இந்த வயதில் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்றார். தேநீர் குடிக்கச் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்குச் சித்தியின் நினைவு வந்தது. ஊரில் உதிரப்போக்கு என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனவளிடம், திரும்பி வந்ததும் என்ன செய்தார்கள் என்று அம்மா கேட்டாள். "என்னமோ எடுத்துட்டாங்களாம்க்கா," என்றாள் சித்தி. எதை, எதற்காக என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அவளிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. வெள்ளை மேலங்கியைக் கண்டாலே எனக்குள் ஒருத்தி விழித்துக்கொள்வது அன்றிலிருந்துதான்.

ஸ்கேன் எடுக்கக் கமலா அக்காதான் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனார். இருட்டறையில், திரையைப் பார்த்தபடி மருத்துவர் உதவியாளரிடம், "கெடி கீபயக் தியெனவா. நரக ஏவா நெவெய் வகே," என்றார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான்: நரகம். வெளியே வந்ததும், "என்ன சொன்னாங்க அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. கட்டிதான். நீர் யோசிக்காதையும்," என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மாலை சமையலறையில் அவர் ரவியிடம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "அவவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. வடிவாத் தெரியட்டும்."

புற்றுநோய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதன்பின் எல்லாமே சாட்சியாகின. ரவி திடீரெனப் பாத்திரம் கழுவினார். அக்கா ஈரல் பொரித்து, அதில் பெரிய பங்கை எனக்கு வைத்தார். கைப்பேசி அடித்தால் பால்கனிக்குப் போனார். சாகப்போகிறவளுக்குத்தான் இவ்வளவு கவனிப்பு என்று நினைத்தேன்.

வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு நாள் பப்பாளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில் கறுப்புப் புள்ளி இருந்தது; தயங்கினேன். விற்பவர் அதைத் தட்டிக்காட்டி, "கன்ன நோனா, மே கெடிய ஹொந்தய், நரக நெஹே," என்றார். ஸ்கேன் அறையில் கேட்ட அதே சொற்கள். பக்கத்தில் நின்ற தமிழ் அம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். "கெடிய எண்டா பழம், உருண்டையாக் கட்டி மாதிரி இருக்கிறதுக்கும் சொல்லுவினம். நரக நெஹே எண்டா பழுதில்லை," என்றார். ஸ்கேன் மருத்துவர் சொன்னதை நினைவிலிருந்து சொல்லிக் காட்டினேன்; அதுவும் கெட்டது இல்லைப்போல என்றுதான் என்றார். அப்படியானால் என்னுடையதும் கெட்ட கட்டி இல்லை. பிறகு எதை மறைக்கிறார்கள்? நிம்மதிக்குப் பதிலாகச் சந்தேகம்தான் இன்னும் கூர்மையானது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். கமலா அக்கா கதிரையில் உட்கார்ந்தார்.

"முழுதா எடுக்கோணும் எண்டு அந்த டொக்டர் சொன்னது எனக்குப் பிடிக்கேல்லை. வேறை ஒரு லேடி டொக்டரிட்டைக் கதைச்சனான். கட்டியளை மட்டும் எடுக்கலாமோ எண்டு பாக்கிறன் எண்டு சொன்னவ. சரிவராட்டி? உமக்கு ஆசையைக் காட்டிப்போட்டு ஏமாத்தக் கூடாதெண்டு பேசாமல் இருந்தனான்."

"அது என் வயிறு அக்கா. முதல்ல என்கிட்டதானே கேட்டிருக்கணும்?"

"பிழைதான்," என்றார் அக்கா. ரவி கதவருகில் தலைகுனிந்து நின்றார்.

புதிய மருத்துவரிடம் நானே பேசினேன். அவரைப் படம் வரைந்து காட்ட வைத்தேன். "மயக்கத்துல இருக்கும்போது முழுசா எடுத்துட மாட்டீங்களே?"

"இரத்தம் நிக்காட்டி எடுக்க வேண்டி வரலாம். அப்ப உங்களைக் கேக்கேலாது. அதுதான் இப்பவே கேக்கிறன்," என்றார். என்னை இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் என்றேன்.

கண்விழித்ததும், "இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு," என்றார் அக்கா. நம்பவில்லை. ரவியிடம் கேட்டேன், தாதியிடம் கேட்டேன், கடைசியில் மருத்துவரே வந்து சொன்ன பிறகும் அரைகுறையாகத்தான் நம்பினேன். அடுத்தடுத்த மாதங்களில் உதிரப்போக்கு அளவோடு வந்து அளவோடு நின்றபோதுதான் மீதி நம்பிக்கை வந்தது. கட்டிகள் மறுபடி வளரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்; அதையும் மறக்கவில்லை.

வீடு திரும்பிய அன்று அம்மா திருச்சியிலிருந்து பேசினாள். "இங்க வந்து பண்ணியிருக்கலாம்ல? அந்த ஊர் டாக்டரையெல்லாம் எப்படி நம்பறது? கட்டிய மட்டுந்தான் எடுத்தாங்கன்னு நிச்சயமா தெரியுமாடி?"

"ஓம்," என்றேன்.

"என்னடி ஓம்ங்கற? மந்திரம் சொல்றியா?"

"ஆமாம்மா, ஆமாம்னு சொன்னேன்," என்று திருத்திக்கொண்டேன். கஞ்சிக் கோப்பையோடு வந்த கமலா அக்கா, அந்த 'ஓம்' என் வாயிலிருந்துதான் வந்ததா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.