கெம்பாஸ் பலகையில் அறுபது பவுண்டு

போன ஞாயிறு காலை, ஈப்போவின் புந்தோங்கு வட்டாரத்துக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்க மணல்மேட்டின் முன்னே நின்றேன். கையில் நானே செய்த வில். நெற்றியில் நான்கு தையல் போட்ட தழும்பு... அது முதல் வில்லின் உபயம்!

விஷயம் இதுதான். நான் வேலை செய்யும் ஈப்போ மர ஆலையில் கோபால் என்று கணக்கெழுதும் கிராணி ஒருவர். அம்பு எய்யும் கிளப்பில் உறுப்பினர்.

"கடைப் பலகையில வில்லா? அறுபது பவுண்டு இழுத்தா சுக்குநூறாயிடும்லா, அண்ணே" என்றார், ஒருநாள் நான் வில் செய்யும் ஆசையைச் சொன்னபோது.

அறுபது பவுண்டு என்பது நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க வேண்டிய பலம். சும்மா இருப்பேனா?

கோடாரிப் பிடிக்குப் போடும் கெம்பாஸ் மரத்தில் ஒரு பலகை எடுத்தேன். பலம் வேண்டுமா, தடிமன் வேண்டும் — இதுதான் என் கணக்கு. நன்றாகத் தடியாகவே செதுக்கினேன். நாணைப் பூட்டி இழுத்தால், ஐம்பது பவுண்டைத் தொடும் முன்பே — டமார்! தெறித்த சிராய் நெற்றியைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் என் மனைவி மீனா உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். அடுப்புக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை... திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாங்க, எஸ்டேட்ல ரப்பர் பால் வாளிய ரெண்டு பக்கமும் மாட்டித் தோள்ல தூக்குற காண்டா கம்பு உருண்டையாவா இருக்கும்? பட்டையா இருக்கும். நடக்க நடக்க வளையும். எங்கண்ணன் ஒருக்கா தடிக் கம்பு போட்டாரு. பாதி வழியில படார்னு போச்சு. பாலெல்லாம் மண்ணுல!"

வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தேன். தடித்த மரம் வளையும்போது வெளிப்பக்கம் அளவுக்கு மீறி இழுபடுகிறது. தடிமனைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால்? பாரம் பங்காகிவிடும்!

மறுநாள் ஆலையில் பலகை அடுக்கையே கலைத்துவிட்டேன். மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிசகாமல் ஓட வேண்டும். அடியிலிருந்த ஒன்றில் ஓடியது! அதில் செதுக்கிய வில் என்னைவிட ஒரு சாண் கூடுதல் உயரம். கைப்பிடிக்கு இருபுறமும் இரண்டரை அங்குல அகலம். நுனியில் விரல் பருமன்.

மூன்று வாரம், சாயங்காலம்தோறும் நான் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவேன். மீனா கயிற்றை இழுத்து வளைத்துப் பார்ப்பாள். "இடப்பக்கம் விறைப்பா இருக்கு" என்பாள். மறுபடி சுரண்டுவேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளையாவிட்டால் உடைந்துவிடுமே!

கடைசியில் ரப்பர் நிறுக்கும் பழைய தூக்குத் தராசை நாணில் மாட்டி இழுத்தோம். ஐம்பது... ஐம்பத்தைந்து... முள் அறுபதில் நின்றது! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனால், தராசில் மாட்டி இழுப்பதும் முகத்துக்கு நேரே இழுப்பதும் ஒன்றா?

மணல்மேட்டில் கோபால் பத்தடி தள்ளி நின்றார். மீனா என் தோளை ஒட்டி நின்றாள்.

"தள்ளி நில்லு, மீனா."

"பட்டா ரெண்டு பேருக்கும் படட்டும். நீங்க இழுங்க."

இழுத்தேன். கெம்பாஸ் லேசாக முனகியது... விட்டேன்.

அம்பு போனதைக் கண் பார்க்கவில்லை. மணலில் 'தொப்' என்ற சத்தம்தான் கேட்டது. தோண்டித்தான் எடுத்தோம். வில்லில்? ஒரு கீறல் இல்லை!

விறைத்து நிற்பதுதான் பலம் என்று எத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்!

கோபால் வில்லைத் தடவித் தடவிப் பார்த்தார். "அண்ணே, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கலா!"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மீனா வில்லை வாங்கிக்கொண்டாள்.

"நகருங்க. இப்ப நான்."

நகர்ந்தேன். பத்தடி!