நெருப்புப் பிறக்கிற இடம்

இஸ்ஸதீன் காக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வாகரையில் ஒரு வீட்டுக் கூரைமேல் நின்று தொலைக்காட்சி அன்ரெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. உடனே திரும்பவும் அடித்தது. எனக்குப் பொறுமை எவ்வளவு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்து, "ஆரது, மனிசன் கூரையில நிக்கிறன்" என்று கத்தினேன். மறுமுனையில் அவருடைய மகன் றிஸ்வான். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். வாங்க" என்றான்.

எப்படி இறங்கினேன், அந்த வீட்டுக்காரரிடம் என்ன சொன்னேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்த வழியெல்லாம் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். "இவ்வளவு அவசரமா காக்கா? என்னைத்தானே அவசரக்காரன் என்று சொன்னீர்கள்?" ஏறாவூர் மையவாடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மண் போடத் தொடங்கியிருந்தார்கள். யாரோ என்னைக் கண்டு வழிவிட்டார்கள். நானும் என் பங்குக்கு மண் அள்ளிப் போட்டேன்.

அவரோடு சேர்ந்து, ரேடியோவால் இயக்கும் சின்ன விமானம் விட்ட நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆற அமர எழுதவேண்டியதை அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் போன பிறகு நாம் பறக்கவிட்ட முதல் தடவையே விமானம் விழுந்தது. விழுந்த இடத்தில் நின்று நம்மில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை என்னை இருக்கவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லது நாலு எழுதி முடிக்க எனக்கு மனமில்லை.

அவரை நான் அறிந்தது செங்கலடியில் உள்ள என் கடையில்தான். ரேடியோ, தொலைக்காட்சி திருத்துவது என் தொழில். அவர் வளைகுடாவில் பல வருடம் ஜெனரேட்டர் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். உடுத்துக் கழித்த சாரத்தில் சுற்றிய ஒரு பொதியை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெற்றோல் எஞ்சினும், விமானத்தை இயக்கும் பழைய வகை ரேடியோக் கருவி ஒன்றும். "இது என்ட, சரியா இரிக்கி. இது செத்துக் கிடக்கு, இத நீ பாரு" என்றார். இருக்கச் சொல்லி முக்காலி கொடுத்தேன். அதில் அவர் இருந்ததே இல்லை. கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே பேசினார். வைத்த தேநீர் ஆறிப்போனது. என்னைவிட இருப்புக் கொள்ளாத ஒரு மனிதரை அன்றுதான் கண்டேன்.

அந்தச் சின்ன எஞ்சினில் அவருக்கு உயிரே அதன் மின்னணு இக்னிஷன்தான். விசிறியின் அடியில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருக்கும். விசிறி சுற்றும்போது அது ஓர் உணரியைக் கடக்கும். உணரி இக்னிஷன் பெட்டிக்குச் செய்தி சொல்ல, பெட்டி எஞ்சின் தலையிலுள்ள பிளக்குக்குப் பொறியை அனுப்பும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பொறி பிந்தி விழவேண்டும், வேகம் கூடக் கூட முந்தி விழவேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "வேகமாப் போறவன் முந்தியே யோசிக்கணும் தவம். நீ வேகமாப் போய்ப் பிந்தி யோசிக்கிற ஆள்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வரும்.

வாய் ஓயாத மனிதர். படுவான்கரையில் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வட்டையில் முதன்முதலாகப் பறக்கவிட்ட நாளை நினைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டு, அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான விதானையாரும் அவர் பின்னால் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். நாங்கள் அனுமதிக் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்க, காக்கா அவர்களுக்குக் காந்தத்திலிருந்து தொடங்கி விளக்க ஆரம்பித்தார். பாதித் தமிழ், பாதிச் சிங்களம். பொறி முந்தி விழுகிற இடத்துக்கு வருவதற்குள் பொலிஸ்காரர் இருவரும் போதும் போதும் என்று புறப்பட்டுவிட்டார்கள். விதானையார் மட்டும் நின்று, "மறுகா இதக் கொஞ்சம் கதிர் வாற நேரம் விடுங்களன், குருவி போகும்" என்றார். கடிதத்தை யாரும் கேட்கவேயில்லை.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். தரையிறக்கத் தெரியாது. அவர் கையில் இறங்கிய விமானம் ஒன்றுகூட முழுதாக இறங்கியதில்லை. அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார். காற்று என்பார், வெயில் கண்ணில் பட்டது என்பார். கடைசியில் எல்லாப் பழியும் என் தலையில் வந்து விழும்: "உன்ட ரேடியோவுலதான் பிழ." நான் விடுவேனா? "உங்கட பொறிதான் என்ட அலையைக் குழப்புது" என்பேன். உண்மையில் அப்படி நடக்கக்கூடியதுதான். பொறி பறக்கும் இடத்தில் மின்குழப்பம் எழும். அது வெளியே கசியாமல் இருக்கத்தான் பிளக்கின்மேல் ஓர் உலோக மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்த மூடியும் பிளக்கும் நன்றாக ஒட்டவில்லையென்றால் விமானம் என் சொல்லைக் கேட்காது.

சண்டை பெருத்தபோது ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். "மூக்கு என்ட, முதுகு உன்ட" என்றார் அவர். எஞ்சின் பக்கம் நான் கைவைப்பதில்லை, ரேடியோப் பக்கம் அவர் வருவதில்லை. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வட்டைக்கு வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை உங்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, மூடியைக் கழற்றி, பெற்றோலில் நனைத்த பழைய சாரத்துண்டால் பிளக்கைத் துடைப்பார். துடைத்துக்கொண்டேயிருப்பார். நானோ அந்தரப்பட்டு அங்குமிங்கும் நடப்பேன். "என்ன காக்கா, மாப்பிள்ளைக்கு முகம் துடைக்கிறீங்களா?" என்று நக்கலடிப்பேன். "ஓம், மாப்பிள்ள மேல போறாரு, அழுக்கோட அனுப்பேலா" என்பார். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

விமானத்தை என் வீட்டில்தான் வைத்திருந்தோம். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் விசிறியைப் பிடித்துச் சுற்றிவிடுவார்கள் என்ற பயம். எஞ்சினைப் பார்க்க அடிக்கடி வருவார். அந்த ஒப்பந்தம் போட்ட நாட்களில்தான் என் மனைவி மலர் ஒருநாள் அவரிடம், "காக்கா, இதுக்குள்ள எங்க நெருப்பு வருது?" என்று கேட்டாள். நான் இத்தனை வருடம் விளக்காததை அவர் ஒரு நிமிடத்தில் விளக்கினார். மூடியைக் கழற்றி, "இஞ்ச பாருங்க தங்கச்சி, இதுதான் பிளக். நெருப்புப் பிறக்கிற இடம் இதுதான். மத்ததெல்லாம் வெறும் இரும்பு" என்றார். மலர் பயபக்தியோடு பார்த்தாள். அன்றுதான் அவர், மலர் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தார்.

வெளிநாட்டுப் பெட்டி எரிந்துபோனபின், போன வருடம் இக்னிஷன் பெட்டியை அவர் தன் கையாலேயே கட்டினார். பெருமையென்றால் அப்படியொரு பெருமை. "என்ட பெட்டி பிழ விடாது" என்று வட்டையில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்தப் பருவம் முழுவதும் அது பிழை விடவுமில்லை.

அவர் போன பிறகு நாம் கூடிய அந்தச் சனிக்கிழமை, றிஸ்வானும் வந்திருந்தான். தகப்பனுக்காக ஒரு தடவை பறக்கவிடவேண்டும் என்று எல்லோரும் விரும்பினோம். மூக்கையும் நானே பார்த்தேன். பற்றரியைப் பூட்டினேன், விசிறியைச் சுழற்றினேன், எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. விமானம் எழுந்து வாவிப் பக்கம் திரும்பியதும் இறக்கைகள் வெட்டி வெட்டி ஆடத் தொடங்கின. நான் எதைத் திருப்பியும் அது கேட்கவில்லை. வாவியோரச் சேற்றில் போய்க் குத்தியது.

சேற்றுக்குள் நாம் நின்றபோதுதான் அந்த வார்த்தை வந்தது. "கையால கட்டின பெட்டிதானே, அதான்." சொன்னவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் றிஸ்வானின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அவன் குனிந்து எஞ்சினைத் துடைத்தான். பிறகு என்னிடம் மெல்லமாக, "மாமா, அந்தப் பெட்டியக் கழட்டி வாவியில வீசிடுங்க. வாப்பாட பேருக்கு இது வேணாம்" என்றான். "வீசுறதா? பேசாம இரு. நான் பார்த்துச் சொல்லுறன்" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எங்கே பார்ப்பது? பெட்டியைக் கடை மேசையில் வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தேன். பொறி நேரத்துக்கு விழுந்தது, முந்தவேண்டிய இடத்தில் முந்தியது. ரேடியோவைச் சோதித்தேன், அதுவும் சரி. வாடிக்கையாளரின் ரேடியோக்கள் திருத்தப்படாமல் குவிந்தன. கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். சோற்றுக்கு முன்னால் இருந்தால் பாதியில் எழும்பிப் போவேன். "காக்காட ஆவி உங்களுக்குள்ள வந்திட்டா?" என்று மலர் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவேளை பெட்டிதான் பிழையோ என்ற எண்ணம் ஒரு பொழுது வந்தது. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

கடைசியில் எஞ்சினை முற்றத்தில் ஒரு பலகையில் பூட்டி, ரேடியோவையும் போட்டு ஓடவிட்டேன். வாலை அசைக்கும் சின்ன மோட்டார் தானாகத் துடித்தது. எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் மூடியைக் கழற்றினேன். மூடி பிளக்கோடு ஒட்டவேண்டிய விளிம்பைச் சுற்றி ஏதோ காய்ந்து பொருக்காக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சள். மோந்து பார்த்தேன். சந்தனம்.

"மலர்!" என்று நான் கூப்பிட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான். வெள்ளிக்கிழமையில வைக்கிறன். உங்கட மோட்டார் சைக்கிளுக்கு வைக்கிற மாதிரித்தான்."

"மூடியைக் கழட்டியா?"

"காக்காதானே சொன்னவர், நெருப்புப் பிறக்கிற இடம் அதுதான் எண்டு. மற்றதெல்லாம் வெறும் இரும்பாம். இரும்புக்கு ஏன் பொட்டு? வைச்சிட்டு மூடியைத் திருப்பிப் போட்டிடுவன்."

"எவ்வளவு நாளா?"

"அவர் சொன்ன நாளில இருந்து."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் துடைத்திருக்கிறார். விமானத்தோடு எங்கள் வீட்டிலேயே கிடந்த அவருடைய சாமான் பெட்டியைத் திறந்து அந்தச் சாரத்துண்டை எடுத்தேன். பெற்றோல் மணத்தது. கட்டம் போட்ட துணி முழுக்க மஞ்சள் கறை.

முதலில் எனக்கு வந்தது அழுகையல்ல, கோபம். என் ரேடியோவை வட்டை முழுக்கக் கேட்கத் திட்டிய மனிதர், பொலிஸ்காரரையே பேசித் துரத்திய மனிதர், இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஏன் வாய்க்குள் வைத்துக்கொண்டார்? "தங்கச்சி, அதில் வைக்காதீங்க" என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் சிரித்துக்கொண்டு விட்டிருப்பேன். மலரும் பொட்டை இறக்கையில் வைத்திருப்பாள்.

பிறகுதான் யோசித்தேன். நான் பிந்தி யோசிக்கிற ஆள்தானே. செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் இடையில் தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்கத் தமிழரான நாங்களும் முஸ்லிம்களான அவர்களும் பயந்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தாண்டி வந்து, என் வீட்டில் தேநீர் குடித்த மனிதர் அவர். அந்த வீட்டுப் பெண் மனமாற வைத்த பொட்டை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது எந்தக் காதில் எப்படி விழும் என்று நினைத்திருப்பார். எங்களைத் தெரிந்தவர்தான், ஆனாலும் நினைத்திருப்பார். அதனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து துடைத்தார். நான் நக்கலடித்தபோதும் சொல்லவில்லை. மலர் சமையலறைக்குள் போய் அழுதாள். "எத்தின வெள்ளி வைச்சிருப்பன்... ஒரு வார்த்தை சொல்லல்லயே மனிசன்" என்றாள்.

றிஸ்வானை அழைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவன் சாரத்துண்டை வாங்கி மஞ்சள் கறையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "அப்ப பெட்டியில பிழ இல்லயா மாமா?" என்று கேட்டான். "ஒரு பிழையும் இல்ல. உன்ட வாப்பா சொன்னது சொன்னதுதான்" என்றேன். அவன் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அன்று வட்டையில் அந்த வார்த்தை சொன்ன நண்பரே, இது உங்களுக்கும்தான். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் மலர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து விமானத்தின் முன்னால் நின்றாள். ஒட்டிய இறக்கையையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "இஞ்சருங்க, இனி எங்க வைக்க?" என்று கேட்டாள். நான் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். "காக்கா காட்டின இடத்திலயே வை" என்றேன்.

மறுநாள் வட்டையில் என் வாழ்க்கையில் முதன்முறையாக அவசரப்படாமல் குந்தியிருந்தேன். சாரத்துண்டைப் பெற்றோலில் நனைத்துப் பிளக்கைச் சுற்றித் துடைத்தேன். றிஸ்வான்தான் பறக்கவிட்டான். விமானம் வாவியின்மேல் போய், ஒரு துடிப்பும் இல்லாமல் திரும்பி வந்தது. இறக்கும்போது தகப்பனைப் போலவே சரித்து இறக்கினான். காற்றுத்தான் காரணம் என்றான். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கண் கலங்கியது.

பெட்டி றிஸ்வானிடம் இருக்கட்டும், அது அவனுடையது. நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த மஞ்சள் கறைத் துணியைத்தான். நாளை வெள்ளிக்கிழமை, மலர் பொட்டு வைப்பாள். நாளை மறுநாள் நான் துடைப்பேன்.