கிரேனின் இடுப்புப் பிடிப்பு

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் கிரேன் என்று பெயர். ஆளைப் பார்த்தால் ஒட்டடைக் குச்சிதான். ஆனால் தொண்ணூறு கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒற்றை ஆளாக மாற்றிவிட்டு, “அடுத்து யாரு?” என்று கேட்பாள். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று சுவரில் படம் போட்டு ஒரு அறிவிப்பு உண்டு. அது தனக்கில்லை என்பது அவள் எண்ணம். ஆறு வருடத்தில் ஒருவரைக்கூட நழுவ விட்டதில்லை என்ற பெருமையைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் கேட்காமலே சொல்லுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு நாள் தள்ளிப்போனது.

கணவன் செல்போன் பழுது பார்க்கிறவன். வேலையில் அவன் தூக்குகிற கனமான பொருள் ஒரு ஸ்குரூ டிரைவர். விஷயம் தெரிந்த அன்றே வீட்டில் அவன் சட்டம் போட்டுவிட்டான். அவள் வாளியைத் தொட்டால் போதும், “வை, வை, கீழ வை!” என்று ஓடி வருவான். அரை வாளித் தண்ணீரைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான்.

“அங்கேயும் இப்படித்தானே ஜாக்கிரதையா இருக்கே?”

“அங்க தூக்குறதுக்கெல்லாம் மெஷின் இருக்குங்க” என்றாள். அந்த மெஷின் தான்தான் என்று அவள் விளக்கவில்லை.

இல்லத்தில் ஒரு வார்த்தை சொன்னால் தூக்குகிற வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்று இருந்தாள். அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் இதே சேதியை முதல் நாளே எல்லோரிடமும் சொன்னாள். கட்டில்கள் போட்ட கூடமே கொண்டாடியது. பத்தாவது வாரத்தில் அது கலைந்துபோனது. தூக்கினதால் இல்லை, சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றுதான் டாக்டர் சொன்னார். அதை அவள் காது கேட்டுக்கொண்டது, மனம் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவள், கட்டில் கட்டிலாகப் போய் “இல்லை, இப்போ இல்லை” என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதிலும் ஒருவரிடம் அது நிற்கவில்லை. ஏழாம் கட்டிலில் இருந்த டீச்சரம்மாவுக்கு நேற்று நடந்தது இன்றைக்குத் தெரியாது. ஆனால் அந்த நல்ல சேதி மட்டும் எப்படியோ தலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. “உனக்கு எத்தனை மாசம்மா?” என்று தினமும் காலையில் வாய் நிறையக் கேட்பார். நாலு மாதம் கேட்டார். நாலு மாதமும் அவள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அதனால் இந்த முறை பன்னிரண்டு வாரம் முடிகிற வரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு.

முடிவு நல்லதுதான், வயிறு ஒத்துழைக்க வேண்டுமே. தரை துடைக்கிற மருந்தின் வாடை பட்டால் குமட்டியது. ஏப்ரன் பையில் பிஸ்கட்டை ஒளித்து வைத்துக்கொண்டு எலி மாதிரி கொறித்தாள். தூக்குவதிலிருந்து தப்பிக்க ஒரு பொய் வேண்டும். தலைமை நர்ஸிடம் போய், “சிஸ்டர், இடுப்பு பிடிச்சுக்கிச்சு” என்றாள்.

கிரேனுக்கு இடுப்புப் பிடிப்பு என்றதும் கூடமே சுறுசுறுப்பாகிவிட்டது. சமையற்காரர் வெந்நீர்ப் பை கொண்டுவந்தார். ஒருவர் தன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாம் கட்டில்காரர் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

“நேத்து இடது பக்கம்னே. இன்னைக்கு வலது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறே. வலி பஸ் மாறிப் போச்சா?”

இவருக்குப் பெயர் மைக்செட். பஸ் நிலையத்தில் முப்பது வருடம் மைக் பிடித்து, எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று அறிவித்தவர். மைக் போய்விட்டது, தொண்டை போகவில்லை. யார் வீட்டு மருமகள் பார்க்க வந்தாள், யாருக்கு வயிறு சரியில்லை என்பதெல்லாம் அவர் வாயில் விழுந்தால் அடுத்த நிமிடம் சமையலறை வரை போகும். கிரேன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தத் தொண்ணூறு கிலோவும் அவர்தான். அவளைத் தவிர வேறு யாரையும் தூக்க விடமாட்டார்; இந்த இடுப்புப் பிடிப்பு வந்த பிறகுதான் முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களை விட்டார்.

தலைமை நர்ஸ் விதி தவறாதவர். இடுப்பில் வலி என்று சொன்ன ஊழியர் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எட்டாவது வாரம், வியாழக்கிழமை, இரண்டு சீட்டுகளை அவள் கையில் கொடுத்தார். ஒன்று மைக்செட்டின் முழங்காலுக்கு, மற்றது அவள் இடுப்புக்கு. தன் சீட்டைப் பைக்குள் பிஸ்கட்டோடு சேர்த்துத் திணித்துக்கொண்டு, ‘அங்கே ஒரே கூட்டம்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடு, முற்றத்தைத் தாண்டி எக்ஸ்ரே அறைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவருடைய முழங்கால் முடிந்தது. கிளம்பப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, இவளுக்கும் சீட்டு இருக்கு!” என்றார் மைக்செட். “பையில வச்சிருக்கா பாரு!”

எக்ஸ்ரேகாரர் சீட்டை வாங்கிப் பிரித்து, பிஸ்கட் தூளை ஊதிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். “மாசமா இருக்கீங்களா? நாள் எதுவும் தள்ளிப் போயிருக்கா?”

இல்லை என்றால் கதிர் பாயும். ஆமாம் என்றால் மைக்செட் பாய்வார்.

“எட்டு வாரம்” என்றாள், உதட்டை அசைக்காமல்.

“ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க.”

“எட்டு வாரம்!”

அவள் மெல்லத் திரும்பினாள். சக்கர நாற்காலியில் மைக்செட் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் பாதி முற்றத்தில் நாற்காலியை நிறுத்தினாள். “தாத்தா, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மறுபடியும் ஒவ்வொரு கட்டிலா போய் இல்லைன்னு சொல்ல என்னால முடியாது.”

அவர் வாக்குக் கொடுக்கவில்லை. “போன தடவை எத்தனையாவது வாரம்?” என்று மட்டும் கேட்டார்.

“பத்து.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மைக்செட் பேசாமல் வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தலைமை நர்ஸிடம் போய், “வலி விட்டுப் போச்சு சிஸ்டர், எக்ஸ்ரே வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். “நல்லதாப் போச்சு. இனிமே பழையபடி தூக்கு” என்றார் அவர். பொய்யும் கைவிட்டது.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்தாள். அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. போச்சு, ஒலிபரப்பாகிவிட்டது என்று நினைத்தாள்.

“என்னம்மா, மைக்செட்டைத் தொப்புனு போட்டுட்டியாமே!” என்றார் பெல்ட் கொடுத்தவர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமை நர்ஸ் புகார்ப் புத்தகத்தோடு வந்தார். நேற்று மாலை நாற்காலியிலிருந்து மாற்றும்போது கிரேன் கை நழுவவிட்டாள், ஒரு சாண் உயரத்திலிருந்து மெத்தையில் விழுந்தேன், இனி இரண்டு பேர் வந்தால்தான் எழுந்திருப்பேன், ஐந்து வாரத்துக்காவது அவளைத் தூக்க விடாதீர்கள் என்று மூன்றாம் கட்டில் சொல்லியிருக்கிறது. “உடம்புல ஒரு சிராய்ப்பு கூட இல்லை. இருந்தாலும் புகார் புகார்தான். அஞ்சு வாரத்துக்கு நீ யாரையும் தூக்க வேண்டாம். சாப்பாடு குடு, நகம் வெட்டு, தலை சீவிவிடு” என்றார் அவர்.

கிரேனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மூன்றாம் கட்டிலுக்கு விறுவிறுவென்று போனாள். “நான் உங்களைப் போட்டேனா? மனசாட்சி இருக்கா தாத்தா? எப்போ போட்டேன்?”

மைக்செட் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, அந்த இல்லத்தில் யாருமே கேட்டிராத ஒன்றைச் செய்தார். குரலைத் தாழ்த்தினார்.

“பஸ் ரிப்பேருன்னு மைக்ல சொன்னா ஜனம் சும்மா விடுமா? ‘பை ஒண்ணு கிடைச்சிருக்கு, உரியவர் வந்து வாங்கிக்கவும்’னு சொல்லிப் பாரு. அத்தனை பேரும் அவனவன் பையைத் தடவுவான், பஸ்ஸை மறந்துடுவான். எனக்கு ஒரு சேதியை வாயில வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதும்மா. அதான் வேற ஒண்ணைச் சொல்லிட்டேன்.”

“என் பேரு கெட்டுப் போச்சே!”

“அஞ்சு வாரம் கெட்டுக் கிடக்கட்டும். திருப்பித் தரேன்.”

அவள் அவருடைய போர்வையைத் தேவையில்லாமல் இழுத்துச் சரி செய்தாள்.

ஆனால் அந்த ஐந்து வாரம் அவளுக்கு லேசாகப் போகவில்லை. நகம் வெட்டுவதில் அவள் கிரேனாக இல்லை என்பது இரண்டே நாளில் தெரிந்தது. போன மாதம் சேர்ந்த சின்னப் பெண் அருகில் வந்து, “அக்கா, முழங்காலை மடக்கித் தூக்கணும். சுவத்துல படம் போட்டிருக்கு பாருங்க” என்று பாடம் எடுத்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்படியாம்மா, சரிம்மா” என்றாள். பத்தாவது வாரம் வந்தபோது கேலி எதுவும் காதில் விழவில்லை. மணிக்கொரு தரம் பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்க, மைக்செட் தினமும் அவளைக் கூப்பிட்டு, “இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்டார். அவள் சொல்லுவாள். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். பத்து போய்ப் பதினொன்று வந்தது.

பன்னிரண்டு முடிந்த மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். குறையொன்றும் இல்லை. கணவன் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலை எந்தப் பக்கம் என்று டாக்டரையே இரண்டு தரம் கேட்டான்.

அவள் நேராகத் தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னாள். பிறகு மூன்றாம் கட்டிலுக்கு வந்தாள். “தாத்தா, நீங்களே அறிவிச்சிடுங்க.”

மைக்செட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலையணையை நிமிர்த்தச் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரண்டு தரம் கனைத்தார். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“எல்லாரும் கவனிக்கவும்! முதல்ல ஒரு திருத்தம். கிரேன் என்னைக் கீழே போடலை. ஒரு நாளும் போட்டதில்லை. நான் சொன்னது பொய். அடுத்ததா...”

அடுத்தது வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முப்பது வருடம் ஒரு பஸ்ஸுக்குக்கூடத் தவறாத குரல் காற்றாகப் போனது.

“ஒண்ணும் கேக்கல!” என்றார் ஏழாம் கட்டில் டீச்சரம்மா. “சத்தமா சொல்லுங்க!”

கிரேன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். “பன்னிரண்டு வாரம்!” என்றாள். சமையலறையில் பாத்திர ஓசை நின்றது.

மறுநாள் காலை டீச்சரம்மாவுக்கு அந்த ஆரவாரம் எதுவும் நினைவில்லை. சீப்போடு வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு எத்தனை மாசம்மா?”

“மூணு, டீச்சர்.”

“அடடே, எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நாளைக்கும் கேளுங்க டீச்சர்” என்றாள் கிரேன், சிக்கெடுத்துக்கொண்டே. “நாளைக்கும் சொல்றேன்.”