பினாயில் வாசத்தில் சீசர்

முதலில் பாதம். முன்னங்காலின் விரலிடுக்கை நக்கினான். நக்கி நக்கி, வெள்ளை மயிர் துருவேறிய தகரம் போலச் சிவந்தது. உங்கள் வீட்டு நாயும் இப்படி நக்கினால், விளையாடுகிறது என்று சிரிக்காதீர்கள். நாங்கள் சிரித்தோம்.

ஒத்தக்கடையில் புதுவீடு கட்டிக் குடிவந்த வருடம் அது. எங்கள் தெருவுக்கே மண்ணைக் கண்டால் ஆகாது. நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு, வாசலில் ஒரு சாண் மண் தெரியக்கூடாதென்று சிமெண்ட் பூசினார்கள். என்ன கௌரவமோ. நாங்களும் பூசினோம். காலையும் மாலையும் பினாயில் ஊற்றித் துடைத்த தரையில்தான் சீசர் வளர்ந்தான். தப்பித்தவறி மண்ணில் கால் வைத்துவிட்டால், என் மனைவி செல்வி எச்சில் தட்டைக் கழுவுவதுபோல அவனைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

பாதம் முடிந்து அக்குள். பிறகு வயிறு, காது. அரிக்க அரிக்கப் பினாயில் கூடியது. பினாயில் கூடக் கூட அரிப்பும் கூடியது.

செல்வியின் அண்ணன் தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவர். எங்கு போனாலும் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டே உட்காரும் ஆத்மா. சீசர் என்று பெயர் வைத்தவரே அவர்தான். சொறி வந்ததும் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “மாப்ள, இந்தச் சொறிநாய வச்சுக்கிட்டு ஒங்களுக்கு எப்படிச் சோறு இறங்குது?” என்பார், எங்கள் சோற்றைப் பிசைந்தபடியே.

ஒருநாள் லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் ஒரு டின் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் சொறிநாய்க்கு அதுதான் சர்வரோக நிவாரணி. வண்டி கக்கியதை நாய்மேல் பூசுவது. பூசினார். சீசர் அதை நக்கினான், வாந்தியெடுத்தான், சுருண்டான். வெள்ளிக்கிழமை எங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் இதைச் சாக்கில் கட்டிப் பரவை மார்க்கெட் பக்கம் விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். காய்கறி வண்டிக்காரரிடம் பேசியும் முடித்திருந்தார்.

நாங்கள் ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் வாந்திக்கு ஊசி போட்டார். ஆயிலைக் கழுவியெடுத்து, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை. அடோபி (தூசி, மகரந்தம் போன்ற சாதாரணங்களை உடம்பு பகையென்று நினைத்துத் தன் தோலையே வதைப்பது). யாருக்கும் ஒட்டாது என்றார். குட்டியில் மண்ணில் புரண்டிருக்கிறானா என்று கேட்டார். இல்லையென்று செல்வி பெருமையாகச் சொன்னாள்.

“மண்ணுலயும் கிருமியிலயும் பழகின உடம்பு எதுக்குச் சண்ட போடணும்னு கத்துக்கும்னு சில பேர் சொல்றாங்கம்மா. இன்னும் உறுதியில்ல. இப்ப மண்ணுல விட்டா குணமாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்தப் பினாயில நிறுத்துங்க. வெந்த தோலு அது.”

ஸ்டீராய்டு (அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) மாத்திரை எழுதினார். குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தெருவில் போகிற மேதை எவன் பேச்சையும் கேட்டுச் சட்டென நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டு வாசலில் காய்கறி வண்டி நின்றது. மச்சான் கையில் சாக்கு. ஒட்டாதென்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பார்க்க வருகிறவர்களுக்குக் கண் இருக்கிறதே என்றார்.

“இருந்தா பாக்கட்டும்ணே,” என்றாள் செல்வி. “இவனப் பாத்து ஓடுற ஆளு, நாளைக்கு எம்மக காய்ச்சல்ல படுத்தாலும் ஓடுவான்.”

சாக்கை வாங்கி அழுத்தி மடித்து வண்டியில் போட்டாள். மறுநாள் கடப்பாரை இரவல் வாங்கி வாசல் சிமெண்டைப் பெயர்த்தோம். தெரு மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது. பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை வந்தவர்களை மகளே வேண்டாமென்றுவிட்டாள். மாப்பிள்ளை நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தானாம்.

சீசர் குணமாகவில்லை. அடங்கியிருக்கிறான். பங்குனிப் புழுதி எழும்போதும் ஐப்பசி ஈரம் இறங்கும்போதும் பாதம் சிவக்கும், மாத்திரை திரும்பும். எங்களுக்குக் காலண்டர் இப்போது அதுதான். என் தோலை இத்தனை காலம் சுவரென்று நினைத்திருந்தேன். காற்றும் தூசியும் வந்துபோகிற வாசல் அது.

சிமெண்ட் போன இடத்தில் குழி பறித்து அவன் படுத்திருக்கிறான். பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறேன். விரலிடுக்கில் மண் ஏறுகிறது. லேசாக அரிக்கிறது. கழுவப் போவதில்லை.