ஆள் விட்டுப் போனவள்

மரக்காணத்தில் சகாதேவன் முதலாளியின் உப்புக் கொட்டகையில் சங்கீதா ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். பாத்தியிலிருந்து வரும் உப்பில் அயோடின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. உப்பு நீலமானால் பாக்கெட் போடலாம், இல்லாவிட்டால் மறுபடி கலக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் நாற்காலியில் உட்காருகிறவர்கள் இரண்டே பேர், முதலாளியும் அவளும்தான்.

சித்திரையில் பாண்டிச்சேரி மருந்து கம்பெனி ஒன்றுக்கு இன்டர்வியூ போய் வந்தாள். நாலு நாளில் போன் வந்தது. "செலக்ட் ஆயிட்டீங்க. ஜூன் ஒண்ணாந்தேதி வந்துடுங்க, லெட்டர் மெயில்ல வரும்" என்றாள் ஒரு பெண்.

லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் பழைய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்பது ஆபீஸ் உத்தியோகக்காரர்களுக்குத் தெரியும். உப்பளத்தில் யார் யாருக்கு லெட்டர் கொடுத்தார்கள்? தை பிறந்ததும் வந்துவிடு என்று முதலாளி வாயால் சொன்னால் அதுதான் ஆர்டர். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் குடும்பம் குடும்பமாகப் பாத்தியில் இறங்குகிறார்கள். சங்கீதாவும் அப்படித்தான் நம்பினாள்.

இங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. சீசன் நடுவில் வேலையை விடுகிறவர் தன் இடத்துக்கு ஓர் ஆளைப் பழக்கி விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா போனால் அந்தக் குடும்பத்துக்கே மறு வருஷம் வேலை கிடையாது. சங்கீதாவின் அம்மா பாப்பாத்தி இன்னும் பாத்தியில்தான் உப்பு வாருகிறாள். அதனால் மே மாதம் பிறந்ததுமே சங்கீதா முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, தெருக்காரி ரேகாவைக் கூட்டி வந்து நிறுத்தினாள். ரேகா இறால் உரிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். கெட்டிக்காரி, இருபதே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். பாக்கெட் போடும் பெண்கள் சேர்ந்து சங்கீதாவுக்கு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

இருபத்தெட்டாம் தேதி வரை லெட்டர் வரவில்லை. இவளே போன் செய்தாள்.

"அந்தப் போஸ்டிங் இப்ப ஹோல்டுல இருக்குது மேடம். நாங்களே கூப்பிடறோம்."

"நான் இங்க வேலைய விட்டுட்டேனே!"

"லெட்டர் வராம ஏன் மேடம் விட்டீங்க?"

நியாயமான கேள்விதான். அந்த நியாயத்தை வைத்து நாக்குதான் வழிக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டு முதலாளியிடம் போய் நின்றாள். அவர் திட்டவில்லை. "நீ இருந்தா எனக்குச் சந்தோஷம்தாம்மா. ஆனா ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல. ரேகாவ நீதானே கூட்டிட்டு வந்து விட்ட? நீயே போயி வேணாம்னு சொல்லிடு. நாளைக்கே வந்து உக்காரு."

முடியாது என்று அவர் விரட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.

உள்ளே ரேகா உப்புத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, இந்த நீலம் போதுமா பாரு."

"போதும்."

தட்டை நீட்டிய விரல்களில் இறால் முள் குத்திய புண்கள் ஆறித் தழும்பாகியிருந்தன. சங்கீதா பார்ப்பதை ரேகாவும் கவனித்தாள். "போன மாசம் வரைக்கும் இந்தக் கையால சோறு பிசைய முடியாதுக்கா. உன் புண்ணியம்."

சங்கீதா தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளை தன் கதி என்ன?

"உனக்கு எப்பக்கா ஜாயினிங்?"

"திங்கக்கிழமை" என்றாள்.

சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அம்மா காதுக்குப் போனால் மறுநாளே ரேகா காதுக்குப் போய்விடும். திங்கட்கிழமை அம்மா எடுத்து வைத்த புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, புது டிபன் பாக்ஸில் தயிர் சாதத்தோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். உப்பளத்தைத் தாண்டும்போது கொட்டகை வாசலில் ரேகா நின்று, பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். சங்கீதாவும் ஜன்னல் வழியே கையை ஆட்டினாள்.

பாதி வழியில் கூனிமேட்டில் இறங்கிவிடலாம்தான். இறங்கிச் சாயங்காலம் வரைக்கும் எங்கே உட்கார்ந்திருப்பது?

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"பாண்டி ஒண்ணு" என்று பணத்தை நீட்டினாள்.