ஐந்தருவியில் மூன்று கால் ஸ்டாண்டு

துபாயிலிருந்து லீவில் வந்த என் அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு கேமராவைக் கொடுத்தான். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா.

"இதுல பூரா நம்பராத்தான் இருக்கு. கணக்கு டீச்சருக்குத்தான் இது சரிப்பட்டு வரும்" என்றான். அவனுக்கு ஒரு படம்கூடச் சரியாக வராததால்தான் அதை என் தலையில் கட்டினான் என்பது பிறகு தெரிந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மார்க்கெட் ரோட்டுப் பக்கம் உரக்கடை வைத்திருந்தார். எங்களோடு அவருடைய அம்மா, என் அத்தை, இருந்தார்கள். அத்தைக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டுக்கு ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும்.

பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில்தான் அந்த அருவியைப் பார்த்தேன். மலையிலிருந்து தண்ணீர் விழவில்லை, அடித்த பஞ்சு விழுந்தது. முதலில் ஓவியம் என்றே நினைத்தேன். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு கீழே இருந்ததைப் படித்தேன். கேமராவின் கண்ணை இரண்டு செகண்டு மூடாமல் வைத்திருந்தால் ஓடுகிற தண்ணீர் தன் வழியைத் தானே வரைந்துவிடுமாம். வெயிலடித்தால் வெளிச்சம் அதிகமாகிப் படம் வெளுத்துவிடும், அதனால் மேகமூட்டமான நாள் வேண்டும். வெளிச்சத்தை மட்டுப்படுத்தக் கறுப்புக் கண்ணாடியும், கேமரா அசையாமலிருக்க ஸ்டாண்டும் வேண்டும். அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஓடுகிற தண்ணீரை எடுத்துப் பழக வேண்டுமே, கோவில்பட்டியில் அதற்கு எங்கே போவது? தெருக்குழாய்தான். தண்ணீர் வந்த ஒரு காலையில், குழாய்க்கு எதிரே ஸ்டூலைப் போட்டு அதன்மேல் கேமராவை வைத்துவிட்டு, வரிசையில் நின்ற பெண்களிடம், "கொஞ்சம் குடத்தை எடுங்க" என்றேன்.

"டீச்சர், தண்ணி கீழ போகுது!"

"ரெண்டே செகண்டுதான்."

"ரெண்டு செகண்டுல ஒரு சொம்பு நெறஞ்சிரும்!"

ஆனாலும் டீச்சர் என்பதால் எடுத்தார்கள். நான் கலெக்டருக்கு மனு போடத்தான் படம் எடுக்கிறேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பிரிண்ட் வந்ததும் முன்வரிசைக்காரி வாங்கிப் பார்த்தாள். குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று தடித்த கம்பிபோலத் தண்ணீர் இறங்கியிருந்தது.

"இம்புட்டு வேகமாவா வருது? டீச்சர், இதைக் காட்டுனா வாற தண்ணியையும் நிப்பாட்டிருவாவ. கிழிச்சிப் போடுங்க."

கிழிக்கவில்லை. எனக்குத் தொழில் கைவந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. இனி வேண்டியது மேகமும் அருவியும்.

உரக்கடைக்கு எப்போதும்வென்றான், குளத்தூர் போன்ற ஊர்களிலிருந்து விவசாயிகள் வருவார்கள். கரிசல் காட்டில் மழையை மட்டும் நம்பிய மானாவாரி வெள்ளாமை. விதைப்புக் காலத்தில் கடைக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் நானும் அவர்களோடு நின்று பார்ப்பேன். என் வீட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை.

"ஊர்ல அம்புட்டுப் பேரும் மழை வரணும்னு பாக்காவ. நீ ஒருத்திதான் மேகம் வரணும், மழை வரப்படாதுன்னு பாக்குத. அதென்னமோ உன் வேண்டுதல் மட்டும் வருசா வருசம் பலிச்சிருது."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "டீச்சரம்மா, இந்த வருசம் கொஞ்சம் பாத்து வேண்டிக்கிடுங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் நாங்கள் மூன்று பேரும் கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி என்று பஸ் மாறிப் போனோம். முதல் தடவை போனபோது கண்ணைக் கூச வைக்கும் வெயில். அடுத்த தடவை வெள்ளம். அருவிப் பக்கமே விடவில்லை, தூரத்தில் நின்றாலும் லென்ஸ் முழுக்கத் திவலை. அதற்கடுத்துத்தான் அந்த நாள் வாய்த்தது. தென்காசி தாண்டும்போதே மலையின் தலை தெரியவில்லை. சாம்பல் நிற வானம், ஊசிச் சாரல். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலை மூடினார்கள். நான் மட்டும் தலையை வெளியே நீட்டிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தளவாடங்களைச் சொல்லிவிட வேண்டும். கேமராவுக்கு ஸ்டாண்டு, ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சியிடம் இரவல் வாங்கியது. பழைய மர ஸ்டாண்டு. மூன்று காலிலும் இரும்புக் கூர், பித்தளைத் திருகு. அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும், அதற்கு என் வீட்டுக்காரர். வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வைக்க வேண்டுமென்று பத்திரிகை சொல்லியிருந்தது. அது நம் ஊரில் கிடைக்காததால் அவருடைய கல்யாணக் கூலிங் கிளாஸ். திவலை படாமலிருக்கக் கறுப்புக் குடை. கேமராவுக்கும் பாறைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்தால் படம் துல்லியமாக வரும் என்பதால் தையல்காரரிடம் வாங்கிய இஞ்சு டேப். கணக்கு டீச்சர் கண்மதிப்பில் வேலை செய்யலாமா?

ஐந்தருவிக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் கடைகள். பழக்கடை, சிப்ஸ் கடை, பஜ்ஜிக் கடை, எண்ணெய்க் கடை. அருவி நன்றாகத் தெரிகிற மேட்டில் ஸ்டாண்டை ஊன்றினோம். என் வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அத்தையிடம் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்து ஒரு பாறைப் பக்கம் அனுப்பினேன். டேப் எட்டவில்லை. எட்டிய இடத்தில் கல்லை வைத்து அடையாளம் பண்ணி, மறுபடி மறுபடி அளந்தோம்.

"அத்தை, அங்கன நில்லுங்க. அசையாதீங்க!"

நான் ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தேன். நோட்டில் குறித்துக்கொண்டேன். மறுபடி குனிந்தேன். கையால் விசையை அழுத்தினால் கேமரா ஆடிவிடும் என்பதால் டைமரை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கியது. இத்தனையையும் பாதையோரக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பழக்கடைக்காரர்தான் முதலில் வந்தார். தோளில் துண்டு, உருண்டை முகம். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, எந்த ஆபீஸ்லேருந்து வருதீங்க?" என்றார்.

நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "கோவில்பட்டி. கொஞ்சம் ஒதுங்குங்க. அந்த நீலத் தார்ப்பாய் யாருது? இடைஞ்சலா நீட்டிக்கிட்டு இருக்கு."

சத்தியமாக என் படத்துக்கு இடைஞ்சல் என்றுதான் சொன்னேன். அருவியின் இடது பக்கம் அந்த நீலம் மூக்கை நீட்டியபடி இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் ஓடினார். நான் அடுத்த முறை குனிந்து பார்த்தபோது தார்ப்பாயைக் காணோம். அடடா, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் பஜ்ஜிக் கடையின் தகரப் பந்தலும் உள்ளே போனது. சிப்ஸ் கடை போர்டு இறங்கியது. நான் ஒவ்வொரு தடவை கையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம்" என்று என் வீட்டுக்காரரிடம் குடையை நகர்த்தச் சொல்லும்போதும், எதிரே ஒரு பெஞ்சு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் கடைக்காரர்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தையை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு கையில் சூடான பஜ்ஜியும் மடியில் மங்குஸ்தான் பழமும் வைத்துவிட்டார்கள். அத்தை இதெல்லாம் கணக்கு டீச்சரின் மாமியாருக்கு வெளியூரில் கிடைக்கிற மரியாதை என்று நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருவிச் சத்தத்தையும் மீறி அத்தையின் குரல் எனக்குக் கேட்டது.

"அந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று பழக்கடைக்காரர் கேட்டார்.

"எம் மருமவல்லா!"

"எதுவரைக்கும் எடுக்கப்போறாவளாம்?"

"எல்லாத்தையும் எடுத்துருவா. ஒண்ணு விடமாட்டா. இதுக்குன்னே மூணாந் தடவையா வாரோம்."

"மூணாந் தடவையா!" என்று பஜ்ஜிக்கார அம்மா நெஞ்சில் கைவைத்தாள். "ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து பாத்துட்டா போயிருக்கீங்க?"

"ஆமா. அன்னைக்கு ஒண்ணும் சரியா அமையல. இன்னைக்கு முடிச்சிட்டுத்தான் போவா."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், ஆச்சி. பிள்ளகுட்டிக்காரங்க நாங்க."

"நான் சொன்னாலாம் கேக்க மாட்டா. பள்ளிக்கொடத்துலயே அவ ஒரு மார்க்கு கூட்டிப் போட மாட்டா."

இந்தக் கடைசி வாக்கியம் யாருக்கும் புரியவில்லை. ஆனால் அதிலிருந்த கண்டிப்பு புரிந்துவிட்டது. கடைக்காரர்கள் மொத்தமாக என்னை நோக்கி வந்தார்கள். பழக்கடைக்காரர் ஒரு பலாப்பழத்தையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, எத்தனை அடின்னு மட்டும் சொல்லிருங்க. மனசைத் தேத்திக்கிடுதோம்."

"அடியா? ரெண்டு செகண்டு" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சார், ரெண்டு செகண்டுன்னா எத்தனை அடி?"

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. உரக்கடைக்கு நிலம் அளக்கிறவர்களும் வந்து போவார்கள் என்பதால் அவருக்குச் சர்வே ஸ்டாண்டு எப்படியிருக்கும் என்று தெரியும். குடையை மடக்கினார். "அண்ணாச்சி, இவ கடையை இடிக்கச் சர்வே பண்ண வரல. அருவியைப் போட்டோ புடிக்க வந்திருக்கா."

யாரும் நம்பவில்லை. போட்டோ என்றால் ஒரு மினுக்கு, ஒரு சத்தம், முடிந்தது. இதற்கு எதற்கு டேப்? எதற்கு நோட்டு? கேமராவுக்கு எதற்குக் கூலிங் கிளாஸ்? நான் பையிலிருந்த குழாய்ப் படத்தை எடுத்துக் காட்டி, கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல நின்று விளக்கினேன்.  விளக்கம் முடிந்ததும் பஜ்ஜிக்கார அம்மா உட்கார்ந்தே விட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

"தகரத்தைக் கழத்துறதுக்குள்ள என் இடுப்பு போச்சு!" என்றாள்.

பழக்கடைக்காரருக்குத்தான் கோபம். "குழாயைப் போய் மனுசங்க போட்டோ புடிப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனார். என் வீட்டுக்காரர் மங்குஸ்தானைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அத்தையைப் பார்த்தார். அத்தையின் மடியில் பழத் தொலிதான் இருந்தது.

ரோலில் மிச்சமிருந்த ஒரு படத்தில் அவர்கள் எல்லோரையும் எடுக்கிறேன் என்று சொல்லித்தான் சமாதானம் செய்தேன். கடைக்காரர்கள் அருவியை முதுகுக்குப் பின்னால் வைத்து வரிசையாக நின்றார்கள். "விளக்கு மினுக்கி நின்னபெறவு ரெண்டு செகண்டு யாரும் அசையப்படாது, பேசப்படாது" என்று வகுப்பில் சொல்வதுபோல அதட்டினேன். நின்றார்கள்.

படங்கள் வந்தன. அருவிப் படம் நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. ஐந்து கிளையும் ஐந்து வெள்ளைத் திரி. அடியில் குளித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் புகையாகக் கரைந்திருந்தது. இடது பக்கம் நீலத் தார்ப்பாய் இல்லை, தகரம் இல்லை, போர்டு இல்லை. கடைகளே இல்லாத ஐந்தருவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணியைக் காணுமே, பஞ்சுல்லா தெரியுது" என்றார்கள். அதைப் பெரிதாக்கி உரக்கடையில் மாட்டினோம். கயத்தாற்றிலிருந்து வந்த பருத்திக்காரர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்து, "இது எந்த ஊர் மில்லு?" என்று கேட்டார்.

அடுத்த சீசனில் கடைக்காரர்களின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். எல்லோரும் தெளிவாக விழுந்திருந்தார்கள், பழக்கடைக்காரரைத் தவிர. அவருக்குச் சட்டை இருந்தது, துண்டு இருந்தது. கழுத்துக்கு மேலே ஒரு மங்கல்தான்.

"எல்லாரும் இருக்காவ. என் தலை எங்கம்மா?"

"நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க, அண்ணாச்சி."

பழத்தை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் கடைகடையாகக் கொண்டுபோய்க் காட்டினாள். "வாயை மூடுங்கன்னு கட்டுன நாள்லேருந்து சொல்லுதேன். இப்பப் பாருங்க, தலையே போச்சு!"

அவர் பிடிவாதமாக இன்னொரு படம் கேட்டார். கேமராவையும் கொண்டு போயிருந்தேனே, எடுத்தேன். இந்தத் தடவை மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் பிதுங்கி, கன்னம் உப்பி, விளக்கு மினுக்கி நின்று இரண்டு செகண்டு கழிந்த பிறகும் விடவில்லை. "முடிஞ்சிருச்சி அண்ணாச்சி, முடிஞ்சிருச்சி" என்று நாங்கள் சொல்லச் சொல்ல, நம்பாமல் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்.