ரப்பர் பால் பூசிய மோட்டார்

பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் செல்வத்துக்குச் சோறு போட்டதே அவனுடைய மரம் இழைக்கும் மெஷின்தான். அது நின்றுபோனதும், சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்கும் என்னிடம் கொண்டுவந்தான். வீட்டுத் தரையில் கழற்றிப் பார்த்தேன். மோட்டாரின் செம்புச் சுருளில் ஓரிடத்தில் மேல்பூச்சு உரிந்திருந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் செருப்பிலிருந்து கூரைவரை எது கிழிந்தாலும் ரப்பர் பால்தான் மருந்து. அதையே பூசினேன். மேலே காய்ந்த பால் உள்ளே ஈரமாக இருந்ததை அறியாமல் சுவிட்சைப் போட்டேன். ஒரே புகை. சுருள் முழுவதும் கருகிவிட்டது.

“நான் தொறக்கும்போதே எரிஞ்சிருந்திச்சு, செல்வம்,” என்றேன்.

“விடுங்கண்ணே. டவுன்ல ரிப்பேர் கடைக்காரன்கிட்ட குடுத்திருந்தா, அவனே எரிச்சுட்டுப் பொய் சொல்லியிருப்பான். நீங்க பார்த்ததால மனசு ஆறுது. இனி ரப்பர் மரத்துல பால்வெட்டத்தான் போகணும்.”

தினமும் விடியலில் பால்வெட்டும் கத்தியோடு என் வாசலைக் கடக்கிறான். “வாறேண்ணே” என்கிறான். உண்மை என் தொண்டைவரை வருகிறது. அவன் மலையேறி மறைந்துவிடுகிறான்.